கமெராக் கண்ணிலிருந்து கணினி நினைவுக்கு

கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதத்திலே செல்வோர் ரம்புக்கனையைத் தாண்டியதும் பயணத்தின் இயல்பு மாறுவதை உணர்வர். அதுவரை வயல்களினூடே விரைந்து வந்த வண்டி, கடிகமுவ, இகல கோட்டே, பலன என்னும் சிறு நிலையங்களை ஒவ்வொன்றாகக் கடந்து, 45 அடிக்கு ஓரடி வீதம் உயரும் பாதையிலே மெல்ல ஏறிக் கடுகண்ணாவையை அடைகின்றது. நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்திலே இழுப்பதற்கு ஒன்றும் துணைக்கு ஒன்றுமாக இரண்டு எஞ்சின்கள் வேண்டியிருந்தன. 1867-ஆம் ஆண்டில் கண்டி வரை நிறைவேறிய இப்பாதையின் கதையைச் சொல்வதற்கென்றே கடுகண்ணாவையில் தேசிய புகையிரத நூதனசாலை ஒன்று உண்டு. இலங்கைப் புகையிரதத்தின் 150 ஆண்டு நிறைவையொட்டி 2014 டிசம்பரில் அது திறக்கப்பெற்றது.

அங்கு செல்வோர் பெரும்பாலும் பழைய எஞ்சின்களைக் கண்டே வியப்பர். ஆனால் ஒரு வண்டி போய்ச் சேர எஞ்சின் மட்டும் போதாது. முதலாவதாக, தண்டவாளங்கள் பிரியும் இடத்திலே வழி சரியான பக்கம் திருப்பப்பட்டிருத்தல் வேண்டும். பேராதனைச் சந்தியில் ஒரு கிளை கண்டிக்கும் மற்றொன்று நாவலப்பிட்டி வழியாகப் பதுளைக்கும் பிரிகின்றது. அவ்விடத்து நெம்புகோல் தவறாயின் கண்டிக்குப் புறப்பட்டவர் கம்பளையில் இறங்க நேரிடும். இரண்டாவதாக, பாதையின் அகலம் எங்கும் ஒன்றாய் இருத்தல் வேண்டும். பிரதான பாதை 5 அடி 6 அங்குல அகலமுடையது. அவிசாவளைக்குச் சென்ற களனிப் பள்ளத்தாக்குப் பாதையோ 2 அடி 6 அங்குலமே. 1990-களில் அது அகலப்படுத்தப்படும் வரை ஒன்றின் பெட்டி மற்றதிலே ஓடவில்லை. மூன்றாவதாக, ஒற்றைப் பாதையிலே அடுத்த நிலையம் வரை செல்ல அனுமதி தரும் வட்டத் தகடு சாரதியின் கைக்கு வந்திருத்தல் வேண்டும். இம்மூன்றும் அமைந்த பின்னரே பச்சை விளக்கு.

இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் தொலைபேசியிலே, கமெராவின் கண்ணாடிக்கும் திரையில் தோன்றும் படத்துக்கும் இடையில் இத்தகைய பாதையொன்று இருக்கின்றது. அதற்கும் நிலையங்கள் உண்டு, பிரிவழிகள் உண்டு, அகலப் பொருத்தம் உண்டு, புறப்பாட்டு அனுமதியும் உண்டு. அப்பாதையை யார் அமைப்பது, நெம்புகோல் யார் கையில் இருப்பது என்பதைப் பற்றி உலகின் கணினி வல்லுநர்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக வாதிட்டு வந்திருக்கின்றனர். அவ்வாதத்தின் முடிவைப் பொறுத்தே ஏழை நாடொன்றின் மாணவன் தன் கையிலுள்ள கமெராவைத் தான் விரும்பியவாறு பயன்படுத்தலாமா, அல்லது அதை விற்ற நிறுவனத்தின் தயவையே நம்பியிருக்க வேண்டுமா என்பது தீர்மானமாகின்றது.

கதையின் வேர் 1969-ஆம் ஆண்டிலே இருக்கின்றது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லர்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் என்னும் இருவர் ஒளியை மின்னேற்றமாக்கி வரிசையாக வெளியே நகர்த்தும் சிலிக்கன் சில்லுக்கு வித்திட்டனர். அதற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் அச்சில்லு ஒளியின் அளவையன்றி நிறத்தை அறியாது. அக்குறையைத் தீர்த்தவர் கொடக் நிறுவனத்தைச் சேர்ந்த பிறைஸ் பேயர். ஒவ்வொரு படப்புள்ளியின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றிலொரு நிற வடிகட்டியை இட்டு, நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்று கட்டம் கட்டமாக அமைத்து, 1976-இல் அவர் காப்புரிமை பெற்றார். மனிதக் கண் பச்சை ஒளியையே நுணுக்கமாக உணர்வதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. பின்னர், 1990-களில், அமெரிக்க விண்வெளி ஆய்வுக்காக எரிக் ஃபொஸம் வேறொரு வகைச் சில்லை உருவாக்கினார். மலிவானதும் மின்சாரத்தைக் குறைவாக உண்பதுமாகிய அவ்வகையே இன்று எங்கும் பரவியிருக்கின்றது.

கணினியோடு கமெராவை இணைத்த முயற்சிகளிலே பெயர் பெற்றது கோப்பிப் பாத்திரத்தின் கதை. 1991-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தார்க்கு ஒரே ஒரு கோப்பி இயந்திரம் இருந்தது. மாடி ஏறி இறங்கி வந்து பார்த்தால் பாத்திரம் காலி. இத்தொல்லை தாளாது குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃபிரேசர், போல் ஜார்டெட்ஸ்கி என்னும் இருவர், ஒரு கமெராவைப் பாத்திரத்தின் எதிரே நிறுத்தி, அதன் காட்சியைப் பற்றித் தரும் அட்டையொன்றை ஏக்கோர்ன் கணினியிலே பொருத்தினர். 128-க்கு 128 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று தரம் மாறிக்கொண்டிருந்தது. 1993-இல் அது உலகளாவிய வலையிலே இணைக்கப்பட்டதும், கோப்பியே அருந்தாதவரும் அதனைப் பார்த்து மகிழ்ந்தனர். 2001 ஆகஸ்ட் 22-ஆம் நாள் அக்கமெரா நிறுத்தப்பட்டது. கடுகண்ணாவைப் பாதையையும் கோப்பியே போட்டது என்பதை மலைநாட்டு நேயர்கள் அறிவர். தோட்டத்துக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகவே அப்பாதை வெட்டப்பட்டது. பாதை கண்டியைத் தொட்ட இரண்டாம் ஆண்டிலேயே, அதாவது 1869-இல், இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கிற்று. போட்ட பாதையோ தேயிலைக்கு உதவிற்று.

அதே 1991-ஆம் ஆண்டிலே பின்லாந்து மாணவர் லீனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் உட்கருவை எழுதத் தொடங்கினார். கெர்னல் என்று சொல்லப்படும் இவ்வுட்கருவே கணினியின் வன்பொருளுக்கும் மனிதர் பயன்படுத்தும் நிரல்களுக்கும் இடைநின்று ஆள்வது. ஒவ்வொரு கருவிக்கும் அதன் மொழி தெரிந்த இயக்கி நிரல் ஒன்று, ட்ரைவர் என்று வழங்குவது, கெர்னலுக்குள்ளே இருக்கும். லினக்ஸின் மூல எழுத்து முழுவதும் எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் திறந்துவிடப்பட்டதாகும். இவ்வொரு பண்பே பின்னர் வந்த சச்சரவுகள் அனைத்துக்கும் காரணமாயிற்று.

தொலைக்காட்சிக் காட்சியைப் பற்றிக் கணினி நினைவகத்தில் நேரே இறக்கிவிடும் புரூக்ட்ரீ என்னும் நிறுவனத்தின் சில்லு 1990-களின் நடுவிலே மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. அதற்கு ரால்ஃப் மெட்ஸ்லர் என்பவர் இயக்கி எழுதினார். இத்தகைய கருவிகள் பெருகவே, வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகரத்து அலன் கொக்ஸ் இவற்றுக்கெல்லாம் பொதுவான முறையொன்றை வகுத்தார். ‘வீடியோ ஃபோர் லினக்ஸ்’ என்று அது பெயர் பெற்றது. அதன் குறைகளைக் கண்ட பில் டேர்க்ஸ் இரண்டாம் பதிப்பொன்றைப் புதிதாக வகுத்தார். அது 2002-இல் கெர்னலுக்குள் சேர்க்கப்பட்டது. பழைய முறை முற்றாக நீங்க 2011 வரை ஆயிற்று.

இவ்விரண்டு பதிப்புகளும் ஓர் எளிய எண்ணத்தின் மீது எழுந்தவை. ஒரு கமெரா என்றால் ஒரு வாயில். அவ்வாயிலைத் திறந்து, ‘640-க்கு 480 புள்ளிகள் வேண்டும், இன்ன வடிவில் வேண்டும்’ என்று சொன்னால் போதும். உள்ளே எத்தனை சில்லுகள் உள்ளன, படம் எவ்வழியே வருகின்றது என்பவற்றை இயக்கியே பார்த்துக்கொள்ளும். பயணி கொழும்பிலே சீட்டு வாங்குகின்றான். பேராதனையில் நெம்புகோலை யார் இழுப்பது என்று அவன் கேட்பதில்லை. அக்காலக் கருவிகளுக்கு இதுவே போதியதாயிருந்தது.

ஆயினும் அந்த எளிய காலத்திலும் அமைதி நிலவவில்லை. பிலிப்ஸ் நிறுவனம் விற்ற சிறு கமெராக்களுக்கு ‘நீமோசொஃப்ட்’ என்னும் புனைபெயரினர் ஒருவர் இயக்கி எழுதியிருந்தார். கமெரா சுருக்கி அனுப்பும் பெரிய படத்தை விரிக்கும் பகுதியை மட்டும், நிறுவனத்தோடு செய்துகொண்ட இரகசிய உடன்படிக்கையின் காரணமாக, மூல எழுத்தின்றி மூடிய பொதியாகத் தனியே வழங்கினார். கெர்னலிலே அப்பொதியைக் கொளுவிக்கொள்ள ஒரு கொக்கி மட்டும் விடப்பட்டிருந்தது. 2004-இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் என்னும் பராமரிப்பாளர், மூடிய நிரலுக்காகவே இருக்கும் கொக்கிக்குக் கெர்னலில் இடமில்லை என்று அதனை நீக்கினார். சினமுற்ற நீமோசொஃப்ட் தம் இயக்கி முழுவதையும் எடுத்துவிடுமாறு கேட்டார், அவ்வாறே எடுக்கப்பட்டது. கமெரா வாங்கியவர்களோ நடுவிலே தவித்தனர். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும். ஒருவர் மக்களுக்கு அன்று உதவினார். மற்றவர் நாளை அப்பொதியைத் திருத்துவார் யார் என்று கேட்டார். பின்னர் லூக் சையார் என்னும் பிரெஞ்சுக்காரர் சுருக்கத்தின் முறையை ஆராய்ந்தறிந்து திறந்த இயக்கியாக எழுதியதும் பிணக்குத் தீர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரிலே கடல்கோள் நிகழ்ந்தபோது, இலங்கைப் பொறியியலாளர்கள் திறந்த மூல எழுத்து முறையிலேயே ‘சகானா’ என்னும் நிவாரண நிரலை நாட்கணக்கில் எழுதி முடித்ததை இவ்விடத்து நினைவுகூர்தல் பொருந்தும். எவரிடமும் அனுமதி கேட்டு நிற்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை.

மிசேல் சார் என்னும் பிரெஞ்சு மருத்துவரின் பணியும் குறிப்பிடத்தக்கது. நோயாளரைப் பார்க்கும் தொழிலுடைய அவர், ஓய்வு நேரத்திலே, இருநூற்றுக்கும் மேற்பட்ட மலிவுக் கமெராக்கள் லினக்ஸில் இயங்குவதற்கான இயக்கிகளை எழுதினார். அவருடைய உழைப்பிலிருந்து வளர்ந்த தொகுதி 2008-இல் கெர்னலுக்குள் ஏற்கப்பட்டது. அதே ஆண்டில், எல்லா நிறுவனங்களும் ஒத்துக்கொண்ட பொதுவிதிக்கு அமைந்த கமெராக்களுக்கான இயக்கி ஒன்றையும் லோரன் பின்ஷார் அளித்தார். அதன்பின் கணினியிலே செருகும் கமெரா என்பது கவலையற்ற பொருளாயிற்று.

அதற்குள் களம் மாறிவிட்டது. கமெரா தொலைபேசிக்குள் புகுந்தது. செருகு கமெராவிலே எல்லா வேலையும் கமெராவுக்குள்ளேயே முடிந்து, சமைத்த படம் வெளியே வரும். தொலைபேசியிலோ வெறும் உணர்சில்லு மட்டும் கண்ணாடியின் பின்னே இருக்கும். அது பறித்த கொழுந்தை அப்படியே அனுப்பும். வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவைத்தல், உலர்த்துதல், சலித்துத் தரம் பிரித்தல் என்று தேயிலைத் தொழிற்சாலையிலே நடப்பது போலப் படத்தைப் பக்குவப்படுத்தும் வேலையெல்லாம் பிரதான சில்லுக்குள்ளே அடுத்தடுத்துள்ள பகுதிகளில் நடைபெறும். உணர்சில்லு தரும் பச்சைத் தரவைப் பெறும் வாங்கி ஒன்று; ஒவ்வொரு புள்ளிக்கும் இல்லாத இரு நிறங்களை அண்டைப் புள்ளிகளிலிருந்து கணித்து நிரப்பி, ஒளியைச் சமன்செய்யும் பகுதி ஒன்று; படத்தைச் சிறிதாக்கும் பகுதி ஒன்று; முடிவில் நினைவகத்திலே இறக்கும் பகுதி ஒன்று. உணர்சில்லுக்கும் வாங்கிக்கும் இடையிலே இரண்டு இணைப்புகள் உள்ளன. கட்டளைகள் செல்வது மெதுவான மெல்லிய கம்பி. படம் ஓடுவது அதிவேகப் பாதை. புகையிரதப் பாதையின் ஓரத்திலே தந்திக் கம்பி ஓடியதற்கு இதனை ஒப்பிடலாம்.

இப்பாதையிலே ஓடும் சரக்கின் அளவைச் சிறிது கணக்கிட்டால் சிக்கலின் தன்மை விளங்கும். 2013-இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியின் கமெரா அட்டையை எடுத்துக்கொள்ளலாம். அதன் முழுப் படம் 2,592-க்கு 1,944 புள்ளிகள். பெருக்கினால் 50 இலட்சத்துக்குச் சற்று மேல். புள்ளி ஒன்றுக்கு 10 பிட் வீதம், விநாடிக்கு 15 படங்கள் வரின், விநாடியொன்றிலே ஓடுவது 75 கோடியே 58 இலட்சம் பிட். இதனைப் பிரதான செயலி ஒவ்வொன்றாக எடுத்து நகர்த்திக்கொண்டிருந்தால் வேறு வேலைக்கு அதற்கு நேரம் மிஞ்சாது. ஆதலால் நினைவகத்திலே சில வெற்றுப் பெட்டிகளை ஒதுக்கி வரிசையிலே நிறுத்துகின்றனர். அவற்றைப் பஃபர் என்பர். வன்பொருள் தானே ஒரு பெட்டியை நிரப்பும். நிரம்பியதை நிரல் எடுத்துப் பயன்படுத்திவிட்டு வெறுமையாக்கித் திருப்பி வரிசையிலே விடும். தேயிலைப் பெட்டிகளை இறக்கிய வெற்று வண்டிகள் கொழும்பிலிருந்து நேரத்துக்குத் திரும்பாவிடில் மலைநாட்டு நிலையத்திலே சரக்குத் தேங்கியே தீரும். படத்துக்குத் தேங்கி நிற்க இடமில்லை. வெற்றுப் பெட்டி இல்லாத கணத்தில் வந்த படம் தொலைந்து போகும். வீடியோ விட்டுவிட்டு ஓடுவதற்குப் பெரும்பாலும் இது ஒரு காரணம்.

‘ஒரு கமெராவுக்கு ஒரு வாயில்’ என்ற பழைய எண்ணம் இங்கேதான் முறிந்தது. நோக்கியா நிறுவனம் 2009-இல் வெளியிட்ட என்900 என்னும் தொலைபேசி லினக்ஸில் இயங்கியது. அதனுள்ளிருந்த சில்லின் படப்பகுதியிலே ஒரே தரவைப் பல வழிகளிலே செலுத்தலாம். வாங்கியிலிருந்து நேரே நினைவகத்துக்குப் பச்சையாக அனுப்பலாம். பக்குவப்பகுதி வழியே அனுப்பலாம். சிறிதாக்கும் பகுதி வரை கொண்டு செல்லலாம். நினைவகத்திலே இருப்பதை மீண்டும் எடுத்து நடுவிலே நுழைத்துச் செலுத்தவும் செய்யலாம். எவ்வழி வேண்டும் என்பதைப் பயன்படுத்துவோன் சொல்லாமல் இயக்கி எவ்வாறு ஊகிக்கும்? 2009-இல் ஹான்ஸ் வெர்குயில் முதலியோர் இதனை விவாதித்து ஒரு திட்டத்தை முன்வைத்தனர். நோக்கியாவின் ஆதரவோடு லோரன் பின்ஷாரும் சகாரி அய்லஸும் உழைத்து உருவாக்கிய ‘மீடியா கன்ட்ரோலர்’ என்னும் முறை 2011-இல் கெர்னலுக்குள் வந்தது.

அம்முறையின் சாரம் எளிது. உள்ளே இருப்பவற்றை மறைக்காமல் ஒரு வரைபடமாகக் காட்டிவிடுவது. ஒவ்வொரு பகுதியும் ஒரு நிலையம். நிலையத்துக்கு உள்வரும் மேடையும் வெளிச்செல்லும் மேடையும் உண்டு; அவற்றைப் பேட் என்பர். ஒன்றின் வெளிமேடைக்கும் அடுத்ததன் உள்மேடைக்கும் இடையே இருப்பது இணைப்பு. பயன்படுத்துவோன் முதலிலே வேண்டிய இணைப்புகளை இயக்கி, வேண்டாதவற்றை அணைக்கின்றான். இது பேராதனை நெம்புகோல். பின்னர் ஒவ்வொரு மேடையிலும் படத்தின் அகலம், உயரம், புள்ளிகளின் குறிவகை ஆகியவற்றை எழுதுகின்றான். இது தண்டவாளத்தின் அகலம். இறுதியாக ‘ஓட்டத்தைத் தொடங்கு’ என்ற கட்டளை. அக்கட்டளை வந்ததும் கெர்னல் பாதை முழுவதையும் நடந்து பார்க்கின்றது. ஒவ்வோர் இணைப்பின் இரு முனையிலும் எழுதியிருப்பது ஒன்றாக இருக்கின்றதா என்று சோதிக்கின்றது. பொருந்தினாலன்றி வண்டி புறப்படாது.

பொருந்தாவிடில் என்ன ஆகும்? இணைப்பே தவறாயின் ஒரு பிழைச் செய்தி. அளவோ வகையோ பொருந்தாவிடில் வேறொன்று. இரண்டாவதன் வாசகம் ‘குழாய் முறிந்தது’ என்பதாகும். இது கமெராவுக்கென்று எழுந்த வாசகமன்று. யூனிக்ஸ் என்னும் மூதாதை இயங்குதளத்திலே 1970-களின் தொடக்கத்தில் டக்ளஸ் மக்கில்ராயின் எண்ணத்தால் நிரலோடு நிரலை இணைக்கும் குழாய்கள் தோன்றின. அக்குழாயின் மறுமுனை மூடிவிட்டால் தோன்றும் செய்தியை இவர்கள் கடன் வாங்கிக்கொண்டனர். எந்த நிலையத்திலே, எந்த மேடையிலே, எவ்வளவு வேறுபாடு என்று அது சொல்வதில்லை. இதனைப் பயில்வோர் முதன்முதலாக வருந்துவது இச்செய்தியின் முன்னேதான். உணர்சில்லிலே 2,592 என்று எழுதி, வாங்கியிலே 2,560 என்று எழுதினால் போதும்; மூன்றாம் நிலையத்திலே தேடிக்கொண்டு நாள் முழுவதும் கழியும். வரிசையாக உணர்சில்லிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மேடையிலும் எழுதியதைக் கெர்னல் அப்படியே ஏற்றதா, தன் வசதிக்கு மாற்றிக்கொண்டதா என்று திரும்பப் படித்து, பின்னரே அடுத்ததற்குச் செல்வது அனுபவமுள்ளோர் கைக்கொள்ளும் முறை. கேட்ட அளவு இயலாதபோது கெர்னல் மறுப்பதில்லை. கிட்டிய அளவொன்றை எழுதிக்கொண்டு சும்மா இருந்துவிடும். இப்பணிவுதான் பல பிழைகளுக்கு மூலம்.

மீடியா கன்ட்ரோலர் அறிவுடைய ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. கெர்னல் வழிகளைத் தர வேண்டும். எவ்வழி செல்வது என்று தீர்மானிப்பது வெளியே இருக்க வேண்டும் என்பது யூனிக்ஸ் மரபின் பழைய கொள்கை. ஆனால் தீர்மானிப்பவர் யார் என்பதை 2011-இல் எவரும் ஏற்பாடு செய்யவில்லை. நிலைய அதிபர் அறையைத் திறந்து நெம்புகோல்களைக் காட்டிவிட்டு, ‘இனி நீரே இழுத்துக்கொள்ளும்’ என்று பயணியிடம் சொன்னது போலாயிற்று. பழைய வாயிலை நம்பி எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான நிரல்கள் புதிய கருவிகளிலே படம் காட்டவில்லை. ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியே கட்டளைகளை எழுதிவைத்து ஓட்ட வேண்டியதாயிற்று. நோக்கியாவும் அவ்வாண்டிலேயே வேறு நிறுவனத்தின் இயங்குதளத்துக்குத் தாவிவிட்டது. வெளியிலே பாதை அமைக்கும் பொது நூலகம் ஒன்று வேண்டும் என்று பலரும் பேசினர். பேச்சு ஏழாண்டு நீண்டது.

அந்த ஏழாண்டின் இடைவெளியை நிறுவனங்கள் தத்தம் வழியிலே நிரப்பிக்கொண்டன. தொலைபேசிகளிலே பக்குவப்படுத்தும் பகுதியின் அறிவு முழுவதும் மூடிய நிரல்களுக்குள் சென்றது. மேலே சொன்ன ராஸ்பெரி பை கணினி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்றே செய்யப்பட்டது. எனினும் அதன் கமெராப் பாதையும் தொடக்கத்திலே மூடிய நிரல் ஒன்றினால்தான் ஆளப்பட்டது. பிள்ளை படம் எடுக்கலாம். படம் எவ்வாறு உண்டாகின்றது என்று பார்க்க இயலாது. கல்விக் கருவி ஒன்றுக்கு இது பெருங்குறை. 2018-இல் பின்ஷாரும் கீரன் பிங்கம் முதலியோரும் ‘லிப்கமெரா’ என்னும் திறந்த நூலகத்தை அறிவித்தனர். பாதை அமைத்தல், ஒளி அளவு, நிறச் சமன் ஆகியவற்றைக் கெர்னலுக்கு வெளியே, திறந்த முறையிலே தீர்மானிப்பது அதன் பணி. அதற்கு முன்வந்து முதலில் கைகொடுத்தோருள் ராஸ்பெரி பை நிறுவனத்தாரும் ஒருவர். தம் நிறச் சமன் முறைகளையே அவர்கள் திறந்து வெளியிட்டனர்.

இத்துறையிலே தமிழர் கையும் பட்டிருக்கின்றது. சோனி நிறுவனத்தின் ஐஎம்எக்ஸ்290 என்னும் உணர்சில்லுக்கான லினக்ஸ் இயக்கியின் தலைப்பிலே 2019 என்ற ஆண்டோடு ஆசிரியராகப் பொறிக்கப்பட்டிருக்கும் பெயர் மணிவண்ணன் சதாசிவம். மங்கிய ஒளியிலும் காணவல்ல அச்சில்லு காவற் கமெராக்களுக்குப் பெயர் பெற்றது. கெர்னல் எழுத்து எவ்வூரிலிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. திருத்தமாக இருக்கின்றதா என்பதையே பார்க்கின்றது. பேராதனையிலோ மொரட்டுவையிலோ பயிலும் மாணவர்க்கும் அவ்வாயில் இதே அளவு திறந்திருக்கின்றது.

பிணக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை. செருகு கமெராவை விட்டு, தொலைபேசியின் முறையிலே வெறும் உணர்சில்லைப் பொருத்திய மடிக்கணினிகள் பெருகின. இன்டெல் நிறுவனத்தின் படப்பகுதி கொண்ட அத்தகைய கணினிகளிலே லினக்ஸ் பயன்படுத்துவோர்க்குக் கமெரா இருண்டே கிடந்தது. 2022-இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன், அத்தகைய மடிக்கணினிகளை வாங்காதிருப்பதே நன்று என்று வெளிப்படையாகவே எழுதினார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் பிலிப்ஸ் கொக்கியை வெட்டியவரும் அவரே என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2024-இல் அப்படப்பகுதியின் பாதி, அதாவது பச்சைத் தரவை வாங்கி நினைவகத்தில் இறக்கும் பகுதி, கெர்னலுக்குள் திறந்த இயக்கியாக வந்து சேர்ந்தது. பக்குவப்படுத்தும் பாதி மூடியே இருந்தது. ஆகவே லிப்கமெராவினர் அவ்வேலையைப் பிரதான செயலியைக் கொண்டே கணித்து முடிக்கும் நிரலொன்றை அவ்வாண்டிலே எழுதினர். வன்பொருள் செய்வதிலும் அது மெதுவானது; மின்சாரத்தையும் மிகுதியாக உண்பது. ஆனால் இருண்டு கிடந்த திரையிலே முகம் தெரிந்தது.